மீசைக்காரனுக்கு வைத்த திரி

எங்கள் அச்சகத்தில் பாழான தாளெல்லாம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும், வெடிக்குக் குழல் சுற்ற. சாமி படம் மட்டும் போகாது. முருகனை யார் வெடிப்பது? அதைத் தனியாகக் கட்டி மூலையில் வைப்போம்.

போன சீசனில் அந்தக் கட்டுக்குள், லட்சுமிக்கும் முருகனுக்கும் நடுவே, ஒரு மீசைக்காரன் சிரித்துக்கொண்டு கிடந்தான். ‘உலகத் தலைவர்கள்’ என்று வெளியூர் காலண்டர் ஆர்டர். அதில் அவனுக்கும் ஒரு மாதம். வேண்டாமென்று அப்பாவோடு சண்டை போட்டுத் தோற்றிருந்தேன். லோடு போய்விட்டது. கலர் பிசகிய தாள்கள்தான் மிச்சம்.

“இவன எதுக்குண்ணே சாமியோட வச்சிருக்கீக?” என்று கட்டிங் மெஷின் அண்ணனிடம் கேட்டேன்.

“பெரிய மனுசன் படம்ல தாயி. வெடிக்குப் போட்டா பாவம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் உக்ரைனில் டாக்டருக்குப் படித்தவள். போர் வந்து ஓடிவரும்வரை ஓர் அம்மாள் வீட்டில் குடியிருந்தேன். நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அந்தியில் அவர் ஜன்னலில் மெழுகுவத்தி வைப்பார். நாடே வைக்கும், தொண்ணூறு வருஷத்துக்கு முன் இந்த மீசைக்காரனின் செங்கொடி ஆட்சியில் பட்டினி போட்டுக் கொல்லப்பட்டவர்களுக்காக. மழை பொய்த்த பஞ்சமில்லை அது. விளைந்த கோதுமையைப் பிடுங்கிக்கொண்டு, ஒளித்துவைத்த கைப்பிடித் தானியத்தையும் தரையைக் கம்பியால் குத்தித் தேடி எடுத்துப் போனார்கள். அவருடைய அம்மாவின் தம்பி தங்கைகள் புல்லைத் தின்று செத்தார்கள். நான் தட்டில் ரொட்டி ஓரத்தை விட்டால் அவரே எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்.

அவனுக்கு முருகன் பக்கத்தில் இடமா? அவனை மட்டும் உருவி எடுத்து, ஆமத்தூரில் அப்பாவின் சிநேகிதர் பட்டாசுக் கம்பெனிக்கு நானே கொண்டுபோனேன். “இதுல சுத்துற வெடிய எனக்கே தந்துருங்க சித்தப்பா. மூஞ்சி வெளிய தெரியணும்” என்றேன்.

நவம்பர் கடைசியில் அந்தச் சனிக்கிழமை வந்ததும் வாசலில் ஒவ்வொன்றாகக் கொளுத்தினேன். கண்ணும் மூக்குமாகத் தெருவெல்லாம் சிதறினான். வயிறு குளிர்ந்தது.

“தீவாளி முடிஞ்சு என்னம்மா வெடி?” என்றார் அப்பா.

“நான் குடியிருந்த வீட்டுத் திவசம்ப்பா.”

அம்மாளை வீடியோவில் கூப்பிட்டேன். ஜன்னலில் மெழுகுவத்தி எரிந்தது. அவர் பார்க்க ஒன்றைக் கொளுத்தினேன். தலையைப் பிடித்துக்கொண்டு மேசைக்கடியில் குனிந்துவிட்டார். அங்கே தினமும் குண்டு விழுவது எனக்கு மறந்துபோயிருந்தது. பதறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, கருகிய பாதி மீசையைப் பொறுக்கிப் போனுக்கு நேரே காட்டினேன்.

மெல்ல எழுந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இன்னும் இருக்கிறானா?”

“பெட்டி நிறைய இருக்கிறான்.”

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “வை” என்றார்.