தவக்காலத்தில் அம்மா விட்டது

மகளின் ஆங்கிலப் பயிற்சித்தாளில் ‘கிவ் அப்’ வந்திருக்கிறது. நேர்ப்பொருள், வழக்குப்பொருள் இரண்டும் எழுத வேண்டும். தெரிந்த சொல்தான். ஆனாலும் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

காரைக்குடியில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, அம்மா தபால் வழியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். அது கடைசி வருடம். தேறினால் டீச்சர் வேலைக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டார். நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லைக் கேட்பேன். அவர் வெங்காயம் உரித்தபடி பொருள் சொல்வார். ‘கிவ் அப்’ என்றால் கையில் இருப்பதை ஒப்படைப்பது. முயற்சியைக் கைவிடுவதும் அதுதான் என்றார். இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டேன்.

“ஒப்படைக்கிறப்ப வாங்கிக்க எதுத்தாப்ல ஒரு ஆளு இருக்கும். மத்ததுல இருக்காது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தவக்காலத்தின் நாற்பது நாளும், திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, வீட்டில் ஆளுக்கொன்றாக விருப்பமானதை விட்டுவிடுவோம். எதை விடுவது என்று மற்றவர்தான் சொல்ல வேண்டும். முந்தைய வருடம் நான் பாகற்காயை விட்டதால் வந்த விதி அது. மூன்றாம் வகுப்பு வருடம் அப்பாவுக்கு நான் டீயைச் சொன்னேன். அம்மா எனக்குச் சேமியா ஐஸைச் சொன்னார். அம்மாவுக்கு என்ன என்றதும் அப்பா சிரித்துக்கொண்டே, “அந்தப் புத்தகத்தை விடேன். நேரத்துக்குச் சோறாச்சும் கெடைக்கும்” என்றார்.

“என்ன சொல்றீக? அதுக்குள்ள பரீட்சை வந்துருமே.”

“வந்தா என்ன, அடுத்த வருசம் எழுது.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். தற்செயலாகப் பார்த்தாரோ, நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரோ, இன்றைக்கும் தெரியவில்லை. எனக்கு ஐஸ் போன கோபம். “விடுங்கம்மா, அப்பா டீயையே விட்டுட்டாக” என்றேன்.

புத்தகம் பீரோவின் மேல் போனது.

ஈஸ்டர் அன்று அப்பா அடுத்தடுத்து மூன்று டீ குடித்தார். நான் இரண்டு ஐஸ் தின்றேன். பிறகு நாற்காலி போட்டு ஏறி, புத்தகத்தை எடுத்து வந்து அம்மாவின் மடியில் வைத்தேன்.

“பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, தாயி” என்றார்.

எனக்குப் பரீட்சை முடிகிற நாள் திருநாள் மாதிரி. தப்பித்தீர்கள் என்று சொல்லி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அம்மா முந்தானையால் அட்டையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நாற்பது நாளில் அவ்வளவு தூசி எப்படிச் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை.