மேடையில் சொன்ன மெய்

வட்டக்கச்சியில் அப்புத்துரை அண்ணையைத் தெரியாத ஆளில்லை. ஆளைத் தெரியாவிட்டாலும் வாயைத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் கமக்காரர் அமைப்பின் கூட்டமோ, கல்யாண வீடோ, அவர் எழும்பி நின்றால் சனம் தன் கதையை விட்டுவிட்டு அவர் கதையைக் கேட்கும்.

அவருடைய தகப்பன் குளத்துத் தண்ணீரை நம்பித் தென்மராட்சியிலிருந்து இங்கே காடு வெட்ட வந்தவர். அந்த மூன்று ஏக்கர் வயலில்தான் அப்புத்துரை அண்ணை பிறந்து, வளர்ந்து, கறுத்தார். கமலாசனி அக்காவைக் கட்டினார். பிறகு சண்டை இரண்டு பேரையும் ஊர் ஊராய் இழுத்துத் திரிந்தது. 2009இல் மாத்தளனில் கமலாக்காவின் வலது நெஞ்சுக்குள் ஒரு ஷெல் துண்டு போனது. எடுத்தால் ஆபத்து, கிடக்கட்டும் என்றார்கள் டொக்டர்மார். பத்து வருடத்துக்கு மேல் அது பேசாமல் கிடந்தது. பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. கடைசியில் படலை வரை நடந்தாலே நீலம் பாரித்துப் போவா. பிரான்சில் இருக்கும் மகள் ஜெயரூபி ஒரு ஒட்சிசன் மெசின் எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து மூக்கில் குழாயோடுதான் கமலாக்காவின் சீவியம்.

அந்த மெசின் கறண்டில் ஓடுவது. கறண்ட் நின்றால் அவவுக்கு மூச்சும் நிற்கும். அதற்காகக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஒட்சிசன் சிலிண்டர் நின்றது. அது முடிந்தால் அப்புத்துரை அண்ணை மழையென்றும் பார்க்கமாட்டார், வெயிலென்றும் பார்க்கமாட்டார். அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்துதான் மற்ற வேலை. பெண்சாதியில் அவ்வளவு பாசமான ஒரு மனிதனை நான் என் குடும்பத்திலும் காணவில்லை.

நான் விமலேஸ்வரி. பக்கத்து வளவு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். அந்தக் கொழுப்புத்தான் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றியது.

போன வருடத்துக்கு முதல் வருடம் நவராத்திரி வாணி விழாவில் வாசிகசாலைக்காரர் பட்டிமன்றம் வைத்தார்கள். நாட்டுக்கு நாளைக்கு ஒளி தருவது அணுவா, ஆதவனா? சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு அணு விழுந்தது, அவருக்கு ஆதவன். நான் இரண்டு நாள் புத்தகம் புரட்டிக் குறிப்பு எழுதினேன். அவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“அணு எண்டு வாத்தியார்மார் ஆயிரம் சொல்லுவினம். எங்களுக்கு அணு எண்டாக் குண்டுதான். குண்டு பாத்த சனத்துக்கு இனி அந்தச் சொல்லே வேண்டாம். பிழைச்சா ஊரோட எழும்பி ஓடவேணும். நாங்கள் ஓடினது காணாதோ?”

கைதட்டு அடங்க ஐந்து நிமிடம் எடுத்தது. முன்வரிசையில் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கமலாக்காவும் தட்டினா. நான் குறிப்பைப் புரட்டினேன். மழையில் சூரியன் இல்லை, இரவில் சூரியன் இல்லை என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியாக எனக்குத் தெரிந்த ஒரு மெய்யை எடுத்து எறிந்தேன்.

“கூரையில சோலார் தகடு பூட்டினவைக்கு ஒண்டு சொல்லுறன். பற்றரி இல்லாமல் கறண்ட் லைனோட பூட்டின தகடு, லைன் நிண்டாத் தானும் நிண்டிடும். லைனில வேலை செய்யிறவைக்கு அடிக்கக் கூடாதெண்டு அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கு. வெயில் கொதிச்சாலும் உங்கட வீட்டில லைற் எரியாது.”

அப்புத்துரை அண்ணை சிரித்துக்கொண்டு எழும்பினார்.

“கேட்டீங்களே கதையை! பக்கத்து வீட்டு மாடு பால் தராட்டி என்ர மாடும் தராதாம். ரீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவா?”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் சிரித்தார்கள். நடுவர் ஆதவனே என்று தீர்ப்புச் சொன்னார். நான் அவலும் கடலையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் பட்டிமன்றத்தில் கேட்டதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. எதிரணி சொன்னால் அது எதிரணிக் கதை, அவ்வளவுதான். மெய்யைச் சொல்ல அதைவிட மோசமான இடம் கிடையாது. எனக்கு அது தெரியும். இருந்தும் அங்கேதான் சொன்னேன், வேறெங்கும் சொல்லவில்லை.

அவரோ தான் பேசிய பேச்சைத் தானே நம்பிவிட்டார். மாரி மழை முடிந்து தை பிறந்ததும் ஜெயரூபியின் உதவியோடு கூரையில் பத்துத் தகடு ஏறியது. பூட்ட வந்தவர்கள் கையெழுத்து வாங்கிய தாள்களில் லைன் நின்றால் தகடும் நிற்கும் என்பதும் எழுதியிருந்ததாம், ஆங்கிலத்தில். அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

“ரீச்சர், உங்கட அணு எப்ப வருதாம்? என்ர சூரியன் வந்திட்டார்!”

பற்றரி வைத்தீர்களா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னொரு பகிடி வரும். “நல்லது அண்ணை” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். மூன்று மாதத்துக்கு முந்திய கோபம் அன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லலாம். அதைவிடக் கூடாத பெயர் ஏதும் இருந்தாலும் சொல்லலாம்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் ஒரு கணக்கு வந்தது. கறண்ட் நின்றால் இரவுக்குச் சிலிண்டர், பகலுக்குச் சூரியன். தகடு ஏறிய பிறகு பகலில் ஒருநாளும் லைன் போகாததால் அந்தக் கணக்கைச் சோதிக்க இடம் வரவில்லை. அந்த மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு லைன் போய்ச் சிலிண்டர் முடிந்தது. முந்தி என்றால் சனிக்கிழமை விடிய ஓடியிருப்பார். அன்றைக்கு அறுவடைக்கு வயலுக்கு வெட்டு மெசின் வந்துவிட்டது. “ரெண்டு ராத்திரிதானே, திங்கக்கிழமை போவம்” என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிபோல நாடு முழுக்கக் கறண்ட் போனது. நான் சம்பலுக்கு அரைத்துக்கொண்டிருந்தேன், மிக்ஸி நின்றது. எரிச்சலோடு அம்மியைக் கழுவினேன். அம்மியில் பாதி அரைக்கும் வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியபோது கையைக்கூடக் கழுவாமல் கமலாக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அப்புத்துரை அண்ணை ஏணி வைத்துக் கூரையில் நின்றார். தோளில் கிடந்த துவாயால் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். அப்படி ஒரு வெயில் அன்றைக்கு. “இப்ப வந்திடும் கமலா, இப்ப வந்திடும்” என்று மேலே நின்று கத்திக் கத்தித் துடைத்தார். உள்ளே கமலாக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தா. உதடு கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் கூரையைக் காட்டிக் கையை ஆட்டினா. மனிசன் விழுந்துவிடப் போகிறார், இறக்கு என்ற பயம் அவவுக்கு.

அம்புலன்ஸுக்கு நான்தான் போன் அடித்தேன். அது சுணங்கவில்லை, அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகு முன்னமே கமலாக்கா முடிந்துவிட்டா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனேன். போகாமல் விட மனம் கேட்கவில்லை. சனம் சாப்பிட்டு எழும்பிய பிறகு அண்ணை என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு மாதமாய் ஆள் வாய் திறக்கவில்லை என்று ஊரே சொன்னது. மெல்லிய குரலில் கேட்டார்.

“ரீச்சர், அண்டைக்கு வாணி விழாவில லைன் நிண்டாத் தகடும் நிக்கும் எண்டனீங்கள். மெய்யெண்டு தெரிஞ்சோ சொன்னனீங்கள்?”

“ஓம் அண்ணை.”

“நான் பேச்சுக்குச் சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன்.”

“வெல்லுறதுக்குத்தான் அண்ணை சொன்னனான்,” என்றேன். வேறு எதைச் சொல்லியும் என்னால் தப்பியிருக்க முடியாது. “தகடு பூட்டினாப் பிறகு வந்து சொல்லியிருக்கவேணும். கோவத்தில சொல்லாமல் விட்டிட்டன்.”

அவர் ஏசுவார் என்று இருந்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்து மடியில் வைத்தார்.

“வீட்டை வந்து சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பன், ரீச்சர்.”

பிறகு எழும்பிக் குசினிப் பக்கம் பார்த்து, ரீச்சர் இன்னும் சாப்பிடவில்லை, ஒரு இலை போடுங்கோ என்று சொன்னார். கமலாக்காவுக்குப் படைத்த சோறு அது. அவர் முன்னால் நிற்க, நான் முழுவதையும் சாப்பிட்டேன்.