‘ஈரச் சட்டை’க்கு ஆடியவர்

போன வாரம் முத்தியால்பேட்டையில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வாசலில் நின்றிருந்தேன். எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும், மனைவி சொல்லியனுப்பிய வேலை மறந்து, மூடிக் கிடந்த பழைய துணி மில் ஒன்றுக்குள் நினைப்பிலேயே போய்விட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். ‘உப்புக்காத்து’ என்று எங்களுக்கு ஒரு ராக் பேண்ட் இருந்தது. இருந்ததாக நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். நெல்லித்தோப்பு மெர்சி பாடுவாள், சேகர் டிரம்ஸ், நான் கிடார். எனக்குக் கிடாரில் நாலு கார்டு, அதாவது நாலு விரல்பிடிதான் தெரியும். எங்கள் பாட்டெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ‘ஈரச் சட்டை’ என்ற ஒரே பாட்டை மட்டும் ஸ்டுடியோவில் ஒழுங்காகப் பதிவு செய்தோம். அதற்கு வீடியோ எடுக்கத்தான் மில்லுக்குப் போனோம்.

சேகரின் அப்பா கண்ணையன் அங்கே வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோனது. மகன் டிரம்ஸ் அடித்தால் தகரம் தட்டுகிறான் என்பார். காவலாளி பழைய சிநேகிதர் என்பதால் எங்களை உள்ளே விடச் சொல்ல அவரும் எங்களோடு வந்திருந்தார்.

கல்யாண வீடியோ எடுக்கும் பாபுதான் கேமரா. ஸ்பீக்கரில் பாட்டு ஓட, நாங்கள் வாசிப்பதுபோல் நடித்தோம். பாதியில் பாபு எங்களை விட்டுவிட்டுக் கேமராவைத் திருப்பினார். தூணோரம் கண்ணையன் ஆடிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, தோளை மட்டும் அசைத்து, மெதுவாக. சேகர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

“எங்கப்பா ஆடி நான் பாத்ததே இல்லடா.”

பாட்டு நின்றதும் அவர் எங்களைப் பார்த்து, “சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு, அதான்” என்றார்.

உள்ளூர் கேபிளில் ஒரு மதியம் போட்டார்கள். சேகர் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கண்ணையன் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

“மாமா, நீங்கதான் ஹீரோ” என்றாள் மெர்சி.

“அது நான் இல்லம்மா, வேற யாரோ” என்று சிரித்தார். மறுநாள், “திரும்பப் போடுவானுங்களா?” என்று மகனிடம் கேட்டாராம். போடவில்லை.

மெர்சி கல்யாணமாகிப் பிரான்ஸ் போனாள். பேண்டும் அதோடு சரி. பாபு அந்த டேப்பில் வேறு யார் கல்யாணத்தையோ எடுத்துவிட்டார். அவர் தொழில் அப்படி. எங்களிடம் இருந்த ஒரே சிடி பூசணம் பிடித்துப்போனது.

கண்ணையனின் காரியத்தன்று சேகர் என்னைத் தனியாக அழைத்தான். “அப்பா ஆடுற எடம் மட்டும் எங்கியாவது கெடைக்குமாடா? பசங்களுக்குக் காட்டணும்.”

தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். பாட்டின் ஒலிப்பதிவு மட்டும் கிடைத்தது. அனுப்பினேன். “கேட்டேன்டா” என்று பதில் வந்தது.

இப்போது மில்லில் நாங்கள் வீடியோ எடுத்த அந்தக் கூடத்தையும் இடித்துவிட்டார்கள். இங்கேதான் உங்கள் தாத்தா ஆடினார் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட, அந்தத் தூண்கூட இல்லை.