நான் மறைத்த நெடுவரிசை

1. பாசன வாய்க்கால் மதகுகள் எந்த நாளில் திறக்கப்பட்டன என்ற பதிவேட்டின் நகலை, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கினேன்.
2. மங்கிப்போன அந்த நகல்களை வரி வரியாகத் தட்டச்சு செய்து, யாரும் பார்க்கும்படி இணையதளத்தில் ஏற்றினேன்; புதுத் தேதிகளை அலுவலகத்தில் கேட்டு அவ்வப்போது சேர்த்தேன்.
3. அரசுத் தகவல்களை மக்களிடம் கொண்டு சேர்க்க நாங்கள் ஐந்தாறு பேர் நடத்தும் குழுவில் அவள் கடைசியாக வந்து சேர்ந்தாள்.
4. என் அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்தாள்: தண்ணீர் ஊருக்கு வந்த நாள்.
5. எல்லோரும் அதை மட்டும் பார்த்தார்கள்.
6. நான் அதை மறைத்தேன்.

நான் கணினிப் பொறியியல் படித்தவள். வீடு காரைக்கால் நகரத்துக்குள். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அவருக்குப் பிரெஞ்சு பென்ஷன். எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அவள் குரும்பகரத்து விவசாயியின் மகள், பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள்.

எங்கள் பக்கம் கடைமடை, வாய்க்கால் முடியும் இடம். எங்கோ மேலே மதகு திறந்தாலும் இங்கே தண்ணீர் எப்போது வரும் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. முதல் தண்ணீர் வந்ததும் வாய்க்காலில் பூவும் நெல்லும் தூவிக் கும்பிடுவார்கள். அவள் ஒவ்வொரு ஊரிலும் ஒருவரைப் பிடித்து, "பூப் போட்டதும் ஒரு போட்டோ அனுப்பிடுங்க" என்று சொல்லிவைத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். கலங்கல் தண்ணீரில் சாமந்தி மிதக்கும் படங்கள் அவள் கைபேசிக்கு வந்தன. மேலே உள்ள ஊரில் பூப் போட்டார்கள் என்றால் நாளையோ மறுநாளோ நமக்கு வரும் என்று அடுத்த ஊர்க்காரர்கள் கணக்கிட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்த விவசாயி ஒருவர் திரையைக் காட்டிச் சொன்னார்: "இந்த ஒண்ணு போதும்மா. மத்ததெல்லாம் ஆபீசுக்காரங்க பாத்துக்குவாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "பிரெஞ்சு பென்ஷன் வீட்டுப் பொண்ணு, வாய்க்கால கம்ப்யூட்டர்லதான பாத்திருக்கும்!"

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. அக்கா பந்தல் போட்டாங்க, நான் உள்ள வந்து உக்காந்திருக்கேன்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேலி இரண்டு நாளில் மறந்துவிட்டது. அவள் எனக்காகப் பேசியதுதான் எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த பருவம் தொடங்கும்முன் நெடுவரிசையை மறைத்தேன். மூன்று காரணங்களை எழுதிவைத்திருந்தேன்: படங்களில் தேதி இல்லை, அனுப்புபவர் யாரென்று பதிவு இல்லை, அரசு ஆவணம் எதுவும் துணைக்கு இல்லை. மூன்றும் சரியானவை. மூன்றில் எதற்காகவும் நான் அதை மறைக்கவில்லை.

"அக்கா, அந்த வரிசையக் காணோமே?" என்று கேட்டாள்.

"சரிபார்க்கணும். கொஞ்ச நாள் ஆகும்."

"சரிக்கா" என்றாள். சந்தேகப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து, இணையதளத்தில் கொடுத்திருந்த என் எண்ணுக்கு ஒரு பெண்மணி அழைத்தார். குரும்பகரம் என்றார்.

"அந்தப் பொண்ணு இருக்கா?"

"நான்தாங்க இணையதளம் செஞ்சவ. எங்கிட்ட சொல்லுங்க."

"அப்படியா? எம்மவ போன்ல தேதி படிச்சுச் சொன்னா. மேல இருக்குற ஊருக்குத் தண்ணி வந்துட்டுன்னு நெனச்சு வெதைய ஊறப்போட்டுட்டேன். மொள கட்டி நாலு நாளாச்சு, வாய்க்கால்ல காத்துதான் வருது. வேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு… இத எப்படித் தெளிக்கிறது? போன வருஷம் சரியாத்தான போட்டிருந்தீங்க?"

போன வருஷம் அந்த இடத்தில் அவளுடைய நெடுவரிசை இருந்தது. இப்போது மிச்சமிருந்த ஒரே தேதி, மதகு திறந்த நாள். என்னுடையது. பிழையில்லாமல் தட்டச்சு செய்தது.

"இல்லைங்க, அது தவறு" என்றேன். யாருடைய தவறு என்று சொல்லவில்லை.

"சரி, அந்தப் பொண்ணு வந்தா சொல்லுங்க. அவளுக்கு வெவரம் தெரியும்" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலையே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பொறாமை என்ற சொல்லையும் சொன்னேன். அவள் நகலெடுக்கும் இயந்திரத்தின் மூடியை மூடிவிட்டு, "அந்தம்மாகிட்ட மாத்து வெத இருக்கான்னு கேட்டீங்களாக்கா?" என்றாள்.

கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

இப்போதைய நிலை இது. நெடுவரிசை மீண்டும் இருக்கிறது, முதல் இடத்தில். அந்த அம்மாவுக்கு அவள் வீட்டிலிருந்து விதைநெல் போனது. குழுவிடம் நானே சொல்லிவிட்டேன். இணையதளத்தில் இருப்பது இனி அவளுடைய எண். பூ மிதக்கும் படங்களை அவள் எனக்கு அனுப்புகிறாள். நான் தேதியைப் பதிகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் இன்னும் கொஞ்சம் எரிகிறது. எதையும் மறைப்பதில்லை.