கரடிப் பெட்டியில் கிடந்த ரக்கூன்

இறைச்சித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் கத்தி பிடித்த பிறகு, இனி முடியாது என்று என் வலது தோள் சொல்லிவிட்டது. கொம்யூன்காரர்கள், அதாவது நகரசபையினர், என்னை மூன்று மாதப் பிராக்டிக்குக்கு ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். பிராக்டிக் என்றால் வேலை பழகிப் பார்ப்பது. பிடித்துப்போனால் அங்கேயே வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் திரும்பவும் கொம்யூன் வாசலில் போய் நிற்கவேண்டியதுதான்.

டென்மார்க்கின் வைலேயில் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். நிலவறையில் எனக்கு ஒரு மேசை, ஒரு ஸ்கேனர். பழைய இயற்கை நூல்களிலிருந்து பிரித்தெடுத்த விலங்குப் படங்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, பிறகு கையால் நிறம் தீட்டிய படங்கள். ஒவ்வொன்றையும் எப்போதோ யாரோ ஒரு தடித்த அட்டையில் ஒட்டி, கீழே டேனிஷில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். நான் படத்தை ஸ்கேன் செய்து, அட்டையில் உள்ள பெயரை அப்படியே கணினியில் பதியவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தப் படங்கள் எனக்கு முதல் நாளே பிடித்துப்போயின. உயிரோடு பார்க்காத விலங்குகளைத் தோலையும் பிறர் சொன்னதையும் வைத்து வரைந்திருக்கிறார்கள். சிங்கத்துக்கு மனித மூக்கு. காண்டாமிருகத்துக்கு இரும்புக் கவசம். ஆனாலும் மயிர் ஒவ்வொன்றையும் அத்தனை பொறுமையாகத் தீட்டியிருந்தார்கள்.

வேறு நாடுகளிலிருந்து டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த விலங்குகள் பற்றி அங்கே ஒரு கண்காட்சி தயாராகிக்கொண்டிருந்தது. அதை வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார்.

"அப்ப எங்கடை படத்தையும் மாட்டுவினமோ?"

கண்காட்சிக்கான பெரிய சுவரொட்டியில் ஒரு ரக்கூன் படம் வரவிருந்தது. டேனிஷில் ரக்கூனை வாஸ்கெபியோர்ன் என்பார்கள். நிலவறைக்குப் பொறுப்பான டேனிஷ் பெண்மணி சுவரொட்டியின் மாதிரியை என் மேசைக்கு மேல் ஒட்டிவிட்டுப் போனார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அது ரக்கூன் இல்லை.

எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் நான் பட்ட வெட்கத்தால்தான். எங்கள் தோட்டத்தில் விழுந்த ஆப்பிள்களை ஒரு விலங்கு வந்து தின்றது. முகத்தில் கறுப்பு முகமூடி. ரக்கூன் வந்திருக்கிறது என்று நான் கொம்யூனுக்குத் தொலைபேசி எடுத்து ஒரே அமளி. வந்த வேட்டைக்காரர் என் கைபேசிப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "இது மோர்ஹுண்ட். நாய்ச் சாதி. வாலில் வளையம் இருக்கிறதா, பாருங்கள். காலைப் பாருங்கள். ரக்கூனுக்கு மனிதக் கை மாதிரி ஐந்து விரல் இருக்கும்." பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்கள். அந்த எரிச்சலில் நான் இரண்டு விலங்குகளைப் பற்றியும் அகப்பட்டதையெல்லாம் வாசித்துத் தள்ளினேன்.

சுவரொட்டியில் இருந்த விலங்கின் வாலில் வளையம் இல்லை. கால்கள் மெலிந்து, கறுத்து, நாய்ப் பாதத்தில் முடிந்தன. ஆனால் அந்தப் படத்தின் அட்டையில், அழகான பழைய கையெழுத்தில், வாஸ்கெபியோர்ன் என்றுதான் எழுதியிருந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? படிச்ச சனம் எழுதி வைச்சிருக்கு. வேலை தருவினமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிற நேரத்திலை பிழை பிடிக்கப் போறீரோ?"

"பிழை எண்டால் பிழைதானே, அப்பா. நாளைக்குச் சனம் வந்து பாத்துச் சிரிக்காதோ?"

"சிரிச்சால் அவையைப் பாத்துத்தானே சிரிப்பினம். உம்மை இல்லையே."

ஓல்போர்க்கில் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்யும் மகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவள் வழக்கம்போல டேனிஷில் ஒரே வரியில் முடித்தாள்: "அம்மா, தெரிந்தால் சொல்லுங்கள்."

மறுநாள் காலையில் சொன்னேன். முப்பது வருடமாகப் பேசுகிற டேனிஷ் அன்றைக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. பொறுப்பாளர் முதலில் புன்னகைத்தார். "இந்த அட்டைகளை எழுதியவர்கள் நன்றாகப் படித்தவர்கள்" என்றார்.

"ஓம்," என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு டேனிஷுக்கு மாறினேன். "ஆனால் வாலைப் பாருங்கள்."

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்தார். வாலைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். கணினியில் ஒரு மோர்ஹுண்டின் புகைப்படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்துபோயின.

"நீங்கள் சொல்வது சரி. நாளை மறுநாள் சுவரொட்டி அச்சுக்குப் போகிறது. எங்கள் பட்டியலில் இருக்கிற ஒரே ரக்கூன் இதுதான். இப்போது எங்களிடம் ரக்கூனே இல்லை."

இருவரும் நாய்ப் பெட்டிகளைப் பார்த்தோம். நரி, கீரி, மரநாய், நீர்நாய் எல்லாம் பார்த்தோம். மாலையாகிவிட்டது. அவர் மனம் விட்டுப்போய், வேறொரு அருங்காட்சியகத்திடம் கடன் கேட்கலாம் என்றார்.

ரயிலில் வீடு திரும்பும்போது வாஸ்கெபியோர்ன் என்ற அந்தச் சொல்லையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். டேனிஷ்காரர்களுக்கு அது ஒரே சொல். ஆனால் மொழியைப் பிறகு படித்த எனக்கு எந்தச் சொல்லையும் உடைத்துப் பார்த்தால்தான் விளங்கும். வாஸ்கெ என்றால் கழுவுதல். பியோர்ன் என்றால் கரடி. கழுவும் கரடி. இரையை நீரில் அளைந்து தின்பதால் வந்த பெயர். ஒரு காலத்தில் இதைக் கரடி என்றே நம்பியிருந்தால்? பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சத்தமாக "கரடி!" என்று சொல்லிவிட்டேன்.

காலையில் எட்டு மணிக்கு முன்பே நான் நிலவறை வாசலில் நின்றேன். பொறுப்பாளர் வந்து கதவைத் திறந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கரடிப் பெட்டியை இறக்கினேன். தோள் வலித்தது. விடவில்லை. கறுப்புக் கரடி, பழுப்புக் கரடி, சங்கிலியில் ஆடும் கரடி, பனிக்கரடி. அதற்கு அடியில் 'கரடிக்குட்டி' என்று எழுதிய ஓர் அட்டை.

நீரோரத்தில், ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தது அது. உடம்பு கரடி உடம்பாகத்தான் வரைந்திருந்தது. மூக்கு பன்றி மூக்கு. வரைந்தவர் நிச்சயமாக உயிருள்ள ரக்கூனைக் கண்டிருக்கமாட்டார். ஆனால் வாலில் ஐந்து கறுப்பு வளையங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீட்டியிருந்தன. முன்கால் இரண்டிலும் ஐந்து ஐந்து விரல்கள். அந்த விரல்களால் ஒரு முட்டையை நீருக்கு மேல் ஏந்திக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து, என்ன இவ்வளவு நேரம் என்று கேட்பதுபோல இருந்தது அதன் முகம்.

அட்டையின் ஓரத்தில் மறைந்திருந்த இலத்தீன் சொற்களைப் பொறுப்பாளர் கண்ணாடியால் வாசித்தார். "ஊர்சுஸ் லோட்டோர்." பிறகு என்னைப் பார்த்தார். "கரடி. கழுவும் கரடி."

அந்த அமைதியான டேனிஷ் பெண்மணி இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினார். நானும் கத்தினேன். மேல்மாடியிலிருந்து இயக்குநர் என்ன விபத்தோ என்று ஓடி வந்தார்.

கண்காட்சி திறந்த அன்று ரயில் நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் வரை வழி நெடுக எங்கள் ரக்கூன் முட்டையோடு உட்கார்ந்திருந்தது. உள்ளே இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். பிழையான பழைய அட்டைகளையும் மறைக்கவில்லை. கீழே ஒரு பலகையில், இந்தத் தவறைக் கண்டுபிடித்தவர், சரியான படத்தைத் தேடி எடுத்தவர் என்று என் முழுப் பெயர். டேனிஷ்காரர்கள் எப்போதும் எழுத்து விட்டு எழுதும் பெயர். அன்றைக்கு ஓர் எழுத்தும் குறையவில்லை.

கணவர் அதைக் கைபேசியில் ஏழெட்டுத் தரம் படமெடுத்தார். பிரெடெரிசியாவில் இருக்கிற தன் தமையனுக்கு அங்கேயே நின்று அழைப்பெடுத்தார். "அண்ணை, நான் அப்பவே சொன்னனான், பயப்பிடாமல் போய்ச் சொல்லும் எண்டு!" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மகள் எனக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அவரைத் திருத்தவில்லை. எனக்கு அன்று அவ்வளவு தாராள மனம்.

இயக்குநர் பேசி முடித்து எல்லோரும் கைதட்டியபோது பொறுப்பாளர் என்னை ஓரமாக அழைத்துப்போய் ஒரு கடித உறையைக் கொடுத்தார். நிரந்தர வேலை. வேலையின் பெயரும் மாறியிருந்தது. இனி அட்டையில் உள்ளதை அப்படியே பதிபவள் அல்ல, சரிபார்ப்பவள்.

திங்கட்கிழமை நிலவறைக்குப் போய்ப் புதிய பெட்டி ஒன்றைத் திறந்தேன். தென்னமெரிக்க அசமந்தங்கள் என்று மேலே எழுதியிருந்தது; மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லோத் விலங்குகள். மூன்றாவது படத்தில், மெலிந்த கைகளும் முகம் நிறைந்த வட்டக் கண்களுமாக ஒரு சின்ன உருவம் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அசமந்தமாம்! தென்னமெரிக்காவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது சாட்சாத் எங்கள் இலங்கைத் தேவாங்கு.

"இங்கே கொஞ்சம் வாருங்கள்" என்று கூப்பிட்டேன். பொறுப்பாளர் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டேதான் வந்தார்.