பூட்டை அறுத்த நாள்

சகாயராஜுக்குக் காலையில் முதல் லாரி உள்ளே வந்ததுமே எரிச்சல் தொடங்கிவிடும். வேடசந்தூர் சாலையில் இருக்கிற பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலையில் அவர் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். பழனிப் பக்கமிருந்து காலி பஞ்சாமிர்த டப்பாக்கள் மூட்டை மூட்டையாக வரும். பாதி டப்பாக்கள் கழுவாதவை. அந்தப் பிசுக்கு உருளைகளில் ஏறி, பேரிங்குக்குள் இறங்கி, எறும்பையும் கூட்டி வரும்.

"பிரிச்சுப் பாத்துட்டுப் போடுங்கப்பா" என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறார். யாரும் கேட்பதில்லை.

தைப்பூசம் முடிந்த வாரம், ஒரு மூட்டைக்குள் இரும்புக் குழாய்த் துண்டு கிடந்திருக்கிறது. டப்பாக்களை நறுக்கும் ஷ்ரெட்டர் ஒருமுறை அலறிவிட்டு நின்றது. பிளேடு உடைந்திருந்தது. யாரும் தெரியாமல் ஓட்டிவிடாதபடி சகாயராஜ் சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் வாய் வழியாக உள்ளே இறங்கினார்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. மேனேஜர் விக்னேஷ்குமார்.

"சார், ஆச்சா?"

"ஆகல."

மறுபடி அடித்தது. மறுபடியும். போல்ட்டோ அசைய மாட்டேன் என்கிறது. சகாயராஜ் போனை அணைத்துவிட்டார்.

வேலையை முடித்துவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டதாக மேனேஜர் நினைத்துக்கொண்டார். வாசலில் லாரிகள் நின்றன. ரம்பத்தை எடுத்துவந்து பூட்டை அறுத்தே விட்டார். மூட்டை போடுகிற மகேஸ்வரி அதைப் பார்த்து ஓடிவந்து சுவிட்ச் பெட்டியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"நகரும்மா. அவரு சாப்பிடப் போயிட்டாரு."

"போகல சார். உள்ள இருக்காரு."

"போன் ஆஃப்ல இருக்கு."

"போன் ஆஃப்ல இருந்தா ஆளு இல்லேன்னு ஆயிருமா?"

நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி இயந்திரத்தின் தகட்டில் ஓங்கித் தட்டினாள். உள்ளிருந்து எரிச்சலான குரல் வந்தது.

"ஏலே, எவன்டா தட்டுறது? இங்க ஒரு போல்ட்டு கழலாம உசுரை வாங்குது."

மேனேஜர் ரம்பத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்த சகாயராஜ் அறுந்து தொங்கிய பூட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து மேனேஜர் முன்னால் போட்டார்.

"சாப்பிடப் போயிருப்பீங்கன்னு..." என்றார் மேனேஜர்.

"நான் என்னைக்குத் தம்பி நேரத்துக்குச் சாப்பிட்டேன்?" என்று கேட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் வரவில்லை. அதுவரை ஆலையும் ஓடவில்லை. முதலாளியே வீடு தேடி வந்தபோது சகாயராஜ் இரண்டு காரியம் கேட்டார்: பிளேடு மாற்றும்போது சாவி மகேஸ்வரியிடம் இருக்க வேண்டும்; பிரித்துப் பார்க்காமல் ஒரு மூட்டையும் ஏறக் கூடாது. முதலாளி இரண்டுக்கும் தலையாட்டினார்.

முதலாவது நடக்கிறது. மூட்டைகள் இன்னும் பிரிக்காமல்தான் ஏறுகின்றன. போன வாரம் ஒரு மூட்டைக்குள் பாதி இட்லிக் கொப்பரை வந்து, பிளேடு மறுபடி உடைந்தது. சகாயராஜ் திட்டிக்கொண்டே உள்ளே இறங்கினார். மேனேஜர் இப்போதெல்லாம் போன் பண்ணுவதில்லை. நேரிலேயே வந்து, செத்த நேரத்துக்கு ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்கிறார்.

"சார், உள்ள இருக்கீங்கள்ல?"

"இருக்கேன்ப்பா. வெளிச்சத்தை மறைக்காம அங்கிட்டு நில்லு."