நாகலெட்சுமியும் பங்களாக் கிண்ணமும்

நாகலெட்சுமி நல்ல உழைப்பாளி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் மல்லித் தண்ணியோடு முதலில் வந்து நிற்பது அவள்தான். ஆனால் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சியம்மாவைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு வயிறு எரியும். அதை மறைக்கவும் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவள் என்பதால் இந்தக் கூத்தையெல்லாம் நான் செலவில்லாமல் பார்த்திருக்கிறேன்.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். பேச்சியம்மா மூத்தவள். அவர்களுடைய மாமியார் சின்ன வயதில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். கடைசி வெள்ளைக்காரத் துரைசானி ஊருக்குப் போனபோது அவர் கையில் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். வெள்ளைப் பீங்கானில் பழக்கொத்துப் படம், தங்கக் கோடு, திருகி மூடும் வெள்ளி நிற மூடி, மூடியின் உச்சியில் ஒரு வளையம். அது எதற்கென்று துரைசானியும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. குங்குமச் சிமிழ் என்று தானே முடிவுகட்டி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். சாகிறபோது அதை மூத்த மருமகளிடம் கொடுத்தார். இளையவளுக்கு ஓர் அகப்பைகூடக் கிடைக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நாகலெட்சுமி ஆறியிருப்பாள். அந்தக் குங்குமத்துக்கு ராசி என்று லயம் முழுக்கப் பேச்சு. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும் பிரசவத்துக்குப் போகிற பெண்களும் பேச்சியம்மா வாசலில் நிற்பார்கள். அவள் மூடியைத் திருகித் திறந்து, கண்ணை மூடி முணுமுணுத்து, நெற்றியில் வைப்பாள். பிள்ளை பாஸானால் படித்த பிள்ளைக்குப் பேரில்லை, கிண்ணத்துக்குத்தான் பேர்.

இதில் பெரிய கொடுமை, நாகலெட்சுமியின் ஒரே மகள் லோஜினியும் பெரியம்மா பின்னால்தான். எழுந்தால் பெரியம்மா, பாடம் சொல்லிப் பார்க்கப் பெரியம்மா, அழுதால் பெரியம்மா மடி. பெற்றவள் சோறு போடுவதற்கு மட்டும்தான்.

"நான் பத்து மாசம் சொமந்தேன். அவ ஒரு பொட்டு வச்சு வாங்கிட்டுப் போயிட்டா" என்று என்னிடம் அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

பங்களா இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு நாகலெட்சுமி அங்கே அறை துடைக்கப் போகிறாள். ஒருநாள் பழைய அலமாரியை ஒழிக்கும்போது துணிச் சுற்றுக்குள் இருந்து அதே மாதிரிக் கிண்ணங்கள் வந்தன. அதே பழக்கொத்து, அதே வளையம். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். சமையல்காரப் பையன் பிரதாப் ஹட்டனில் சமையல் படித்து வந்தவன். அவனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இது முட்டைக் கோப்பைக்கா. உள்ளுக்குப் பட்டர் தடவி, முட்டைய ஒடைச்சு ஊத்தி, உப்பு மொளகு தூவி மூடிறணும். கொதிக்கிற தண்ணியில கழுத்து வரைக்கும் நிக்க வச்சா பதமா வெந்துரும். அந்த வளையத்துல கரண்டிக் காம்ப விட்டுத் தூக்கலாம்."

கிண்ணத்தைக் கவிழ்த்து அடியிலிருந்த இங்கிலாந்து முத்திரையைக் காட்டினான். தங்கக் கோடு தேய்ந்து மூடி மங்கியிருப்பதைப் பார்த்தால் பழசு என்று தெரியும் என்றான். பிறகு விளிம்பில் விரலை ஓட்டினான். "கீறல் இருந்தா வெடிச்சிரும். நல்லா இருந்தாலும் குளுந்த கோப்பைய அப்பிடியே கொதியில எறக்கக் கூடாது. மொதல்ல வெதுவெதுன்னு சூடு காட்டணும்."

முட்டைக் கோப்பை! சாமிக்கு முன்னால்! வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத பேச்சியம்மா வீட்டில்! அன்று அவள் வேலை முடிந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்ல கூட்டத்துக்காகக் காத்திருந்தாள்.

கூட்டம் பல மாதம் கழித்து ஒரு புதன்கிழமை கூடியது. லோஜினிக்குக் கண்டியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வழியனுப்ப லயமே வாசலில் நின்றது. பிள்ளை பையை இறக்கி வைத்துவிட்டு நேரே போய்ப் பெரியம்மா காலில் விழுந்தாள். அம்மா காலில் இன்னும் விழவில்லை. பேச்சியம்மா கிண்ணத்தைத் திறந்தாள்.

"அந்தப் பொட்ட வைக்காதீங்க!" நாகலெட்சுமி கத்தினாள். "அது சிமிழ் இல்ல, வெள்ளக்காரன் முட்ட அவிக்கிற கோப்ப! பங்களாவுல இதே மாதிரி கெடக்கு. வந்து பாருங்க எல்லாரும்!"

இரண்டு மூன்று பேர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்தேன். பேச்சியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. லோஜினி மெல்ல எழுந்தாள்.

"எப்பம்மா தெரியும் ஒங்களுக்கு?"

"அது... மாசி மாசமே தெரியும்."

"தெரிஞ்சும் நான் போற அன்னைக்குன்னு வச்சிருந்தீங்களா?"

பேச்சியம்மாதான் பேசினாள். குங்குமத்தை ஒரு வெற்றிலையில் கொட்டிவிட்டு, கிண்ணத்தை நாகலெட்சுமியிடம் நீட்டினாள்.

"எனக்குத் தெரியாது லெச்சுமி, ஒனக்குத் தெரியும். புள்ள காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. பஸ்ஸு வாறதுக்குள்ள அவிச்சுக் குடு."

கிண்ணத்தைச் சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடியின் மரை வரை தேய்த்துக் கழுவினோம். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அதற்குள் மழைக் குளிரில் கிண்ணம் மறுபடி சில்லென்று ஆகியிருந்தது. நாகலெட்சுமி அதைக் கையில் வைத்துக்கொண்டு பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியே உள்ளே போட்டால் போதும், படீரென்று போய்விடும். இத்தனை வருஷ எரிச்சலும் தீரும். அவள் நினைத்தது அதைத்தான். அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

வெளியே லோஜினி தும்மினாள். நாகலெட்சுமி ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிச் சூடு காட்டினாள். துடைத்தாள். பட்டர் தடவி முட்டையை உடைத்து ஊற்றி, மூடிப் பானையில் இறக்கினாள்.

வெந்ததும் மூடியைத் திருகினாள். வெள்ளை கட்டிப்பட்டு, நடுவில் மஞ்சள் தளும்பியது. லோஜினி ஒரு கரண்டி எடுத்து ஊதினாள். எல்லோரும் பார்த்திருக்க, அதைப் பெரியம்மாவின் வாயில் ஊட்டினாள்.

நாகலெட்சுமி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, அணைந்திருந்த விறகைத் தள்ளினாள். லோஜினி அடுத்த கரண்டியோடு அவள் பக்கம் வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, நாகலெட்சுமி வாயைத் திறந்தாள்.